எந்தத் தோட்டா

சப் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து மிகவும் அழகானது. பிரேத விசாரணை அறிக்கையின் நகலை அப்பா மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. வரிகள் நூல் பிடித்ததுபோல் ஓடுகின்றன. இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர் இவ்வளவு தவறாக எழுதியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சேலத்தில் என்னோடு படித்தவர்களில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள்தான் வகுப்பிலேயே மக்கு.

முதல் வரியிலேயே 'நாட்டுத் துப்பாக்கி' என்று எழுதியிருக்கிறார். நாட்டுத் துப்பாக்கி என்றால் குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குச்சியால் இடித்து, ரவையைப் போட்டு, துணி அடைத்துச் சுடுவது. எங்கள் வீட்டில் இருந்தது சீமைத் துப்பாக்கி. நடுவில் மடிந்து பின்பக்கம் திறக்கும். இரட்டைக் குழல், பன்னிரண்டு போர் அளவு. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒரு கோணிச்சாக்கில் சுற்றி, அரக்கு வைத்து முத்திரையும் போட்டுக்கொண்டு போனவர்தான் நாட்டுத் துப்பாக்கி என்று எழுதுகிறார்.

அடுத்தது, 'குண்டு வெடித்ததில்'. உள்ளே குண்டே கிடையாது. குண்டு என்பது ஒற்றை உருண்டை. அன்றைக்கு இருந்தது ரவை, நாலாம் நம்பர், முயலுக்கும் கவுதாரிக்கும் போடுவது. அந்த ரவையும் வெடிக்கவில்லை. ரவை வெடிக்கிற பொருள் அல்ல. கிழிந்தது குழல். இடது குழல், பின்வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுடுகிறவன் இடது கை பிடிக்கிற இடத்தில்.

இறந்தவன் பெயர் 'காளியன், வயது சுமார் நாற்பது' என்று இருக்கிறது. பெயர் காளியப்பன். வயது நாற்பத்தாறு.

இவற்றைத் திருத்தத்தான் எழுதுகிறேன். நடந்ததை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சப் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவைக் கேட்டார், அக்கா புருஷனைக் கேட்டார், மணியகாரரைக் கேட்டார், கோயில் பூசாரியைக் கேட்டார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன்.

"இது ஆரு?" என்றார்.

"எங் கொழுந்தியாளுங்க. அது பேசாதுங்க" என்றார் அக்கா புருஷன்.

"ஊமையா?"

"ஊமை இல்லீங்க. கூச்சம். ஆம்பளைங்க இருந்தா வாயே தொறக்காது."

சப் இன்ஸ்பெக்டர் மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். சாட்சிகள் பட்டியலில் பூசாரியின் மாட்டுவண்டிகூட இருக்கிறது. நான் இல்லை.

கூச்சம் என்பது உண்மை. மூன்றாவது பாரம் படிக்கும்போது ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். சுவரில் மாட்டியிருந்த கருவியைப் பிரம்பால் தொட்டு இது என்ன என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். பாரோமீட்டர். வாயில் வந்துவிட்டது, குரல்தான் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து தெர்மாமீட்டர் என்றாள். இன்ஸ்பெக்டர் 'வெரி குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். வாத்தியாரம்மாவும் தலையாட்டினாள். அந்த ஆண்டு நான் பெரியவளானதும் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். படிப்பு நின்றதற்காக நான் அழுதேன் என்று அக்கா சொல்லித் திரிகிறாள். நான் அழவில்லை. தெர்மாமீட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மலையிலிருந்து பன்றி இறங்கி நிலக்கடலையையும் வள்ளிக்கிழங்கையும் கிண்டிப் போட்டுவிடும். அதற்காக அப்பாரு, அதாவது என் தகப்பனாரின் தகப்பனார், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் இந்தத் துப்பாக்கியை வாங்கினார். தேக்குப் பெட்டி, உள்ளே பச்சைக் கம்பளித் துணி, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு குழி. எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் தன் தன் இடத்தில் இருந்த ஒரே இடம் அதுதான்.

அப்பா நல்லவர். எல்லாவற்றையும் 'அது', 'இது' என்று சொல்லியே ஐம்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டவர். வருடா வருடம் நாமக்கல் தாலுகா கச்சேரியில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். குமாஸ்தா மூன்று வருடமாகத் துப்பாக்கியின் நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அப்பா மூன்று வருடமாக அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த முதல் மாதமே நான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். வீட்டுக்குள் நான் பேசுவேன், மெல்ல. அப்பா பயந்துபோய்ப் பெட்டிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது, பெட்டி காலி என்றாலும்.

பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. துரை தன் கையால் எழுதியது. இந்தத் துப்பாக்கியின் குழல் இரும்புப் பட்டையை முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த பழைய காலத்துக் குழல். அதற்குக் கருமருந்துத் தோட்டா மட்டுமே போட வேண்டும். புகையில்லா மருந்துத் தோட்டா போட்டால் குழல் கிழியலாம். இவ்வளவுதான். நான் இதைத் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

புரிந்துகொண்டவன் காளியப்பன் ஒருவன்தான்.

காளியப்பன் எங்கள் பண்ணையாள். பன்றித் தடம் பார்ப்பதில் அவனைப்போல் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவனுடைய அப்பன் எங்கள் அப்பாருவுக்குப் பின்னால் துப்பாக்கி தூக்கிப் போனவன். ஒருமுறை அடிபட்ட பன்றி அப்பாருமேல் பாய்ந்தபோது குறுக்கே விழுந்து தொடையைக் கொடுத்தவன். அதற்காக அப்பாரு ஒரு வழக்கம் வைத்தார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊரே பாரிவேட்டைக்குக் கிளம்பும்போது, கருப்பண்ணார் கோயில் முன்னால் வேப்பமரக் கிளையில் ஒரு தேங்காயைக் கட்டி அதைச் சுடுவார்கள். அந்த முதல் வெடி காளியப்பன் வீட்டாருக்கு. அது விழுந்த பிறகுதான் அவர்கள் ஆட்கள் காடு கலைத்து விலங்குகளை விரட்டப் போவார்கள்.

மாதம் ஒருமுறை துப்பாக்கிக்கு எண்ணெய் போட காளியப்பன் வருவான். நான் பின்வாசலில் சாக்கை விரித்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வைப்பேன். அவன் வாசலுக்கு வெளியே குந்திக்கொண்டு பெயர் சொல்லுவான்.

"குழலுங்க. கட்டைங்க. இது குதிரைங்க. இது விசைங்க."

"இது?"

"தோட்டாங்க. அதுக்குள்ளார அடியில கேப்பு, அதுக்குமேல மருந்து, மேல ரவைங்க. ரவைன்னா சும்மா ரவையின்னு சொல்லப்படாதுங்க, நம்பரு சொல்லோணும்."

"மருந்து?"

"கருமருந்துங்க. மத்தது இதுக்கு ஆவாதுங்க. குழலு தாங்காது."

ஒருமுறை சொன்னால் போதும், மறக்க மாட்டான். எழுத்து தெரியாதவன். ஊரில் என்னை 'சௌந்திரம் அம்மிணி' என்று முழுப் பெயரோடு கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

அக்கா பொன்னாத்தாளுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் கல்யாணம் ஆயிற்று. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் அக்கா புருஷன் மயில்சாமி எங்கள் வீட்டோடு வந்து இருந்துவிட்டார். முறைப்படி அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதில்லை.

மயில்சாமிக்கு உலகத்தில் எதற்கும் பெயர் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுகிறவரும் அல்ல, தானே ஒரு பெயர் வைத்துவிடுவார். துப்பாக்கியின் குதிரைக்கு 'மூக்கு', விசைக்குக் 'கொக்கி'. ரவையும் குண்டும் தோட்டாவும் அவருக்கு எல்லாம் 'குண்டு', சில நாள் எல்லாம் 'தோட்டா'. நாமக்கல் போய்வந்தால் டாக்டரைக் கம்பவுண்டர் என்பார், கம்பவுண்டரை டாக்டர் என்பார். ஆட்களுக்கும் அப்படித்தான். கணக்குப்பிள்ளைக்குக் கொசு. பூசாரிக்குச் சொம்பு. காளியப்பனின் பெயரில் பின்பாதியை வெட்டிவிட்டுக் காளியன் என்பார். இப்படிப் பேசுகிறவரைச் சுற்றித்தான் ஊரே உட்கார்ந்து சிரிக்கிறது. முட்டாள்தனத்துக்கு இந்த ஊரில் எப்போதும் கூட்டம் சேரும்.

எனக்கு ஒரு பழக்கம். தவறான வார்த்தை காதில் விழுந்தால் நாக்கு தானாக மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் வரும். பேச வேண்டும் என்று நினைத்துப் பேசாமல் விட்டதால் வந்த பழக்கமாக இருக்கலாம். அவர் வந்த ஒரு வாரத்தில், சாப்பிட உட்கார்ந்தபோது ஏதோ தவறாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் நாக்கைத் தட்டினேன்.

"அட, பல்லி சொல்லுதப்பா. அப்ப நாஞ் சொன்னது பலிக்கும்" என்றார்.

அப்பா சிரித்தார். அக்கா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் பல்லி. ஒரு மாதத்தில் களை எடுக்க வருகிற பெண்கள்வரை பல்லி. வண்ணாத்தி துணி போட வந்தால், "பல்லியம்மிணி பாவாடை எதுங்க" என்று மரியாதையோடு கேட்பாள். அக்கா தன் குழந்தைக்கு என்னைக் காட்டி முதலில் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் அதுதான்.

சென்ற ஆவணியில் ஜேடர்பாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று சொன்னார்கள். நான் தாம்பூலத் தட்டோடு வெளியே வந்ததும் மயில்சாமி, "இதுதானுங்க எங்க ஊட்டுப் பல்லி. செவுத்தோரமா நின்னுக்கிட்டு எல்லாத்துக்கும் உச்சுக்கொட்டும்" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் அந்தப் பேச்சு எடுத்தது சகுனத்துக்கு ஆகாது என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். பிறகு அவர்கள் வரவில்லை. பையனின் பெயர் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு ஞாபகம் இல்லை.

இதை எழுதுவதால் இதுதான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டப்பெயர் வைத்ததற்காக ஒரு மனிதரை வெறுக்கும் அளவுக்கு நான் சின்னப் பிள்ளை அல்ல.

மார்கழிக் கடைசியில் தோட்டா தீர்ந்துவந்தது. பழைய கருமருந்துத் தோட்டா நான்குதான் மிச்சம். வாங்க வேண்டியதன் பெயரை நான் ஒரு சீட்டில் தெளிவாக எழுதி மயில்சாமியிடம் கொடுத்தனுப்பினேன். சேலத்திலிருந்து மாலையில் வந்தவர் கைகால் கழுவுவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்ன கதை இது.

"சீட்டு எங்கியோ போயிருச்சுங்க மாமா. போனாப் போவுதுன்னு தோட்டா குடுய்யான்னேன். எந்தத் துப்பாக்கிக்குன்னு கேட்டான். ஏன், சீமைத் துப்பாக்கிக்குத்தான், போன வருசம் கப்பல்ல வந்து எறங்குனதுன்னேன். அவன் எந்திரிச்சு நின்னு கும்பிடு போட்டானுங்க. இருக்கறதுலயே ஒசத்தியானதா எடுத்துக் குடுத்தான்."

"நல்லதாப் போச்சு போங்க" என்றார் அப்பா.

பெட்டி என் கைக்கு வந்தது. சிவப்பு அட்டை, மேலே தங்க எழுத்து. இரண்டு தடவை படித்தேன். புகையில்லா மருந்து. பன்னிரண்டு போர், நாலாம் நம்பர் ரவை. எல்லாம் சரியாக அச்சடித்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். மறுநாள் காலையில் அக்காவிடம், "வாங்கியாந்தது நம்ம துப்பாக்கிக்கு ஆவாது, மாத்தோணும்" என்றேன். அக்கா உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். "பல்லி இதுக்கும் உச்சுக்கொட்டிருச்சா" என்று அவர் சிரிப்பது கேட்டது. அக்காவும் சிரித்தாள். ஒருமுறை சொல்வது என் கடமை. இரண்டாம் முறை சொல்வது கெஞ்சுவது.

பழைய நான்கையும் பெட்டியின் இடப்பக்கம் வைத்தேன். புதியவற்றை வலப்பக்கம் வைத்தேன். இரண்டுக்கும் அட்டையில் பெயர் எழுதி ஒட்டினேன், தமிழில், பெரிய எழுத்தில். பெட்டியைத் திறக்கிற யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பெட்டியைத் திறக்கிறவள் நான்தான் என்பது வேறு விஷயம்.

பாரிவேட்டை அன்று காலை வீடு நிறைய உறவுக்காரர்கள். மயில்சாமி புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று கூப்பிட்டார்.

"பல்லி, தோட்டாவ எடுத்தா."

நான் கதவோரமாக நின்று கேட்டேன். "எந்தத் தோட்டா?"

இதை நான் கேட்டேன் என்பதற்கு அக்கா சாட்சி. அவளைக் கேட்டால் சொல்லுவாள்.

மயில்சாமி உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா. பசிக்குது சோறு போடுன்னா எந்தச் சோறுங்குது. தோட்டான்னா தோட்டாதான் புள்ள. எல்லாம் ஒன்னுதான். எடுத்தா."

கூடம் சிரித்தது. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான் என்கிறவருக்கு எதைக் கொடுத்தாலும் கேட்டதைக் கொடுத்ததாகத்தான் ஆகும். வலப்பக்கத்திலிருந்து ஆறு எடுத்துத் தோல்வாரில் செருகி அக்காவிடம் கொடுத்தேன். துப்பாக்கியைத் துணியால் ஒருமுறை துடைத்தும் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். குழல் கிழியும் என்று எனக்குத் தெரியாது. கிழியலாம் என்றுதான் துரை எழுதியிருந்தார். கிழியும் என்பது வேறு, கிழியலாம் என்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் என்னைக் குற்றம் சொல்ல முடியும்.

கோயில் வெளியில் பெண்கள் புளியமரத்தடியில் நின்றோம். ஆண்கள் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வட்டமாக நின்றார்கள். பூசாரி திருநீறு கொடுத்தார். கிளையில் தேங்காய் ஆடிக்கொண்டிருந்தது. மயில்சாமி கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலிருந்து முதல் வெடியைத் தானே சுட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைச் சொன்னவர்களிடம், 'நம்ம துப்பாக்கி, நாமதான சுடோணும்' என்று சொல்லிவிட்டார். இந்த முறையும் அப்படித்தான் நடக்கும் என்று நான் நினைத்தேன். நினைப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

அவர் துப்பாக்கியை மடித்துத் திறந்தபோது காளியப்பனின் சித்தப்பன் கருப்பண்ணன் முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் காடு கலைக்கிற முப்பது பேர், தடியும் நாயுமாக, நகராமல் நின்றார்கள்.

"முதல் வெடி எங்க ஊட்டுதுங்க சாமி" என்றான் கருப்பண்ணன். "மூணு வருசமா வாயத் தொறக்காம இருந்துட்டோமுங்க. இந்த வருசம் அது இல்லாம நாங்க காட்டுக்குள்ளார கால் வெக்கிறதில்லீங்க."

அப்பா சங்கடத்தோடு மருமகனைப் பார்த்தார். "பெரியவங்க வெச்சது. குடுத்துருங்க மாப்பிள்ளை."

"அதுக்கென்னங்க மாமா. ஒரு தேங்காதான், சுட்டுட்டுப் போறான்."

துப்பாக்கி கை மாறியது. தோல்வாரிலிருந்து இரண்டு தோட்டாவும் கை மாறின. காளியப்பன் அவற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். நிறம் புதிதாக இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"அம்மிணி எடுத்துக் குடுத்ததுங்களா?" என்று கேட்டான்.

"பின்ன, வேற ஆரு? பெட்டியே பல்லிகிட்டத்தான இருக்குது."

"அப்பச் சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டையும் உள்ளே போட்டு மூடினான்.

அவன் மூடியதற்கும் சுட்டதற்கும் நடுவில் முப்பது எண்ணுகிற நேரம் இருந்தது. அந்த முப்பதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிகிறது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நிற்கிற இடத்தில் என் குரல் எழும்பாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சப் இன்ஸ்பெக்டரிடம் மயில்சாமியே சொல்லியிருக்கிறார். தவிர, காளியப்பனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மருந்து எது என்று அவன் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தோட்டாவின் பக்கவாட்டில் அச்சடித்துத்தான் இருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாது என்றால், நான் சொல்லிக்கொடுத்தது பெயர்களை, எழுத்துகளை அல்ல. அவன் எழுத்துக் கற்றுத்தரும்படி ஒருநாளும் கேட்டதில்லை.

சத்தம் வழக்கமாக வருகிற சத்தம் அல்ல. புகையும் வரவில்லை. அந்த மருந்து அதன் பெயருக்கு நியாயமாக நடந்துகொண்டது. வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர் எல்லை தாண்டிய கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டான் என்று வண்டியோடு போனவர்கள் சொன்னார்கள். தேங்காய் அப்படியே இருந்தது. பூசாரி மறுநாள் அவிழ்த்துக்கொண்டு போனார்.

காரியம் முடிந்து அவன் பெண்சாதி குஞ்சம்மாள் வேலைக்கு வந்தாள். தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மிணி, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க எடுத்துக் குடுத்தது சரியான தோட்டாதானுங்களே?"

"கேட்டதத்தான் குடுத்தேன்" என்றேன்.

"அதானுங்க. நீங்க குடுத்தாத் தப்பாப் போவாது. அவரு விதிங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். விதி என்பதும் ஒரு தவறான பெயர்தான். அவளிடம் திருத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மயில்சாமி மாறிவிட்டார். ஒரு வாரம் சாப்பிடவில்லை. அந்தச் சீட்டு அவருடைய அங்கராக்குச் சட்டைப் பையிலேயே இருந்தது, அக்கா துவைக்கும்போது கிடைத்தது. அன்றிலிருந்து அவர் யாருக்கும் பட்டப்பெயர் சொல்வதில்லை. எந்தப் பொருளைச் சொல்வதற்கும் முன்னால் ஒரு நொடி நிறுத்துகிறார். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து தடுமாறி வெளியே போகிறார். முந்தாநாள் விளக்கு வேண்டி என்னைக் கூப்பிட்டார். "சௌந்திரம்" என்றார், மிகவும் கவனமாக. மூன்று வருடத்தில் முதல் முறை. இந்த வீட்டில் இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் அதன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு எளிதான காரியத்துக்கு இத்தனை நாள் பிடித்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அறிக்கையைக் குறை சொல்லிவிட்டு நானே குறையாக எழுதக் கூடாது.

காளியப்பன் துப்பாக்கியை மூடித் தோளில் வைத்தான் அல்லவா. அப்போது மயில்சாமி கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "எல்லாரும் பாத்துக்கங்க. இந்த வருசம் முதல் வெடி நம்ம காளியன்."

"காளியப்பன்" என்றேன்.

கூட்டம் முழுக்கப் புளியமரத்தடியைத் திரும்பிப் பார்த்தது. காளியப்பனும் தோளில் துப்பாக்கியோடு கழுத்தை மட்டும் திருப்பி, யார் சொன்னது என்று தேடி, என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தான். பிறகு தேங்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காடு கலைக்கிறவர்கள் நின்ற கடைசி வரிசைவரைக்கும் என் குரல் நன்றாகக் கேட்டது என்று அக்கா பிறகு சொன்னாள்.